டி.வி. கடையில் கற்ற ரசம்!

டி.வி. கடையில் வேலை பார்த்தவன் சமையல் கற்றுக்கொண்டான் என்று சொன்னால் நம்புவீர்களா?

நம்பித்தான் ஆகவேண்டும். அந்த ஆள் நான்தான்!

2009-ம் ஆண்டு. கல்லூரிப் படிப்பை முடித்துவிட்டு மதுரையில் வேலை தேடிக்கொண்டிருந்தேன். கையில் பட்டம் இருந்தது. பையில் பஸ்ஸுக்குச் சில்லறை இல்லை. மாமா ஒருவர் என்னை அழைத்துக்கொண்டுபோய், டவுன் ஹால் ரோட்டுப் பக்கம் இருந்த ஒரு டி.வி. கடையில் சேர்த்துவிட்டார்.

"வேறு வேலை கிடைக்கிற வரைக்கும் இரு" என்றார்.

இரண்டு வருஷம் இருந்தேன்.

காலை 9-30 மணிக்குக் கடை திறப்போம். இரவு 9 மணிக்குச் சாத்துவோம். நடுவில் சாப்பிடும் அரை மணி நேரம் தவிர, நின்றுகொண்டேதான் இருக்கவேண்டும். உட்கார நாற்காலி உண்டு. ஆனால் அது வாடிக்கையாளருக்கு! நாங்கள் அதில் உட்கார்ந்தால் முதலாளியின் புருவம் மேலே போகும்.

24 பெட்டிகளில் ஒரே வெங்காயம்

கடையின் ஒரு பக்கச் சுவர் முழுவதும் டி.வி. பெட்டிகள். எண்ணிப் பார்த்தால் 24 இருக்கும். கீழே, பின்பக்கம் தொந்தி தள்ளிய பழைய ரகப் பெட்டிகள். மேலே, அப்போது புதிதாக வந்துகொண்டிருந்த தட்டையான எல்.சி.டி. பெட்டிகள். எல்லாவற்றிலும் ஒரே சேனல்தான் ஓடும்.

ஒரு அம்மாள் கத்தியை எடுத்து வெங்காயம் நறுக்கினால், 24 அம்மாள்கள் 24 வெங்காயம் நறுக்குவார்கள்!

ஆனால் சத்தம் வராது. அது முதலாளியின் உத்தரவு. "24 பெட்டியும் கத்தினால் விலை பேசுவது எப்படிக் காதில் விழும்?" என்பார். வாடிக்கையாளர் "சத்தம் எப்படி இருக்கு?" என்று கேட்டால்தான், அந்த ஒரு பெட்டியில் மட்டும் சத்தத்தைக் கூட்டலாம். பேரம் முடிந்ததும் குறைத்துவிட வேண்டும்.

ஆகவே, நான் பார்த்ததெல்லாம் ஊமைச் சமையல்!

கிரிக்கெட்டா, சமையலா?

டி.வி. கடையில் எதைப் போடுவது என்பது சின்ன விஷயம் இல்லை. வியாபாரமே அதில் இருக்கிறது.

கிரிக்கெட் போட்டால் கூட்டம் சேரும். நடைபாதை நிறைந்துவிடும். ஒரு ஆள்கூட உள்ளே வரமாட்டார். ஆட்டம் முடிந்ததும் கலைந்து போய்விடுவார்கள். சினிமாப் பாட்டுப் போட்டால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் நிற்பார்கள்.

சமையல் போட்டால்? பெண்கள் நிற்பார்கள். கூடவே புருஷனையும் நிறுத்திவைப்பார்கள். இரண்டு நிமிஷம் பார்த்துவிட்டு உள்ளே வந்து, "அந்த ஓரத்துப் பெட்டி என்ன விலை?" என்று கேட்பார்கள்.

இதற்கு ஒரு காரணம் உண்டு. கடையில் சேர்ந்த முதல் வாரமே அதை எனக்குச் சொல்லித் தந்தவர் அண்ணாச்சி.

அண்ணாச்சி எங்கள் கடையில் மூத்த விற்பனையாளர். திருநெல்வேலிப் பக்கத்து மனிதர். ஐம்பது வயது இருக்கும். நெற்றியில் எப்போதும் திருநீறு. சட்டைப் பையில் இரண்டு பேனா. முதலாளிகூட அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடமாட்டார்; அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார்.

"தம்பி, சினிமா நடிகை கட்டியிருக்கிற சேலை என்ன நிறம் என்று யாருக்கு உறுதியாகத் தெரியும்?" என்று கேட்டார் அவர்.

"யாருக்கும் தெரியாது, அண்ணாச்சி."

"தக்காளி என்ன நிறம்?"

"சிவப்பு."

"அதைக் குழந்தைகூடச் சொல்லும். தக்காளிச் சிவப்பு, மல்லித்தழைப் பச்சை, மஞ்சள்தூள் மஞ்சள். இந்த மூன்றும் சரியாகத் தெரிகிற பெட்டி நல்ல பெட்டி. அதைக் காட்டத்தான் சமையல் போடுகிறோம்!"

எவ்வளவு உண்மை, பாருங்கள். அந்தப் பழைய ரகப் பெட்டியின் திரைக்கு உட்புறம் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று நிறப் புள்ளிகள் ஆயிரக்கணக்கில் பூசப்பட்டிருக்கும். பின்னாலிருந்து வரும் எலெக்ட்ரான் கதிர் பட்டதும் அவை ஒளிவிடும். மூன்றும் கூடியும் குறைந்தும் கலப்பதால்தான் நாம் பார்க்கும் எல்லா நிறமும் உண்டாகிறது. கலவை கொஞ்சம் பிசகினாலும் தக்காளி ஆரஞ்சுப் பழம் ஆகிவிடும். சாம்பார் சேறு ஆகிவிடும்!

ஒரு ரகசியத்தையும் சொல்லிவிடுகிறேன். இப்போது சொல்வதால் யாருக்கும் நஷ்டம் இல்லை. புதுப் பெட்டிகளில் கடைக்கென்றே ஓர் அமைப்பு உண்டு. அதைத் தட்டிவிட்டால் வெளிச்சமும் நிறமும் ஒரேயடியாகத் தூக்கலாக இருக்கும். கடையின் குழல் விளக்கு வெளிச்சத்தில் அது அழகாகத் தெரியும். வீட்டில் கொண்டுபோய் வைத்தால் கண் கூசும். "கடையில பார்த்த தக்காளி வேற, வீட்டுல தெரியுற தக்காளி வேற" என்று சண்டைக்கு வந்தவர்கள் உண்டு. அண்ணாச்சி அவர்கள் வீட்டுக்கே போய், அந்த அமைப்பை மாற்றி வைத்துவிட்டு, ஒரு காப்பி குடித்துவிட்டு வருவார்.

பில்லின் முதுகில் ஒரு சமையல் புத்தகம்

மத்தியானம் கடையில் கூட்டம் இருக்காது. மதுரை வெயிலில் யார் டி.வி. வாங்க வருவார்கள்? அந்த நேரத்தில் ஏதாவது ஒரு தமிழ்ச் சேனலில் சமையல் ஓடும். அண்ணாச்சி ரிமோட்டைக் கையில் எடுத்துக்கொண்டு கல்லாப் பக்கம் போய் நிற்பார். மறு கையில் பேனா. மேஜையில், வீணாய்ப்போன பழைய பில் தாள்கள். அவற்றின் பின்பக்கம் வெள்ளையாக இருக்குமல்லவா? அதில் எழுதுவார்.

முதலில் எனக்குச் சிரிப்பாக இருந்தது. மீசை வைத்த மனிதர் சமையல் குறிப்பு எழுதுகிறாரே!

பிறகு விஷயம் தெரிந்தபோது சிரிப்பு வரவில்லை.

அவருடைய மனைவி இறந்து நான்கு வருஷம் ஆகியிருந்தது. இரண்டு பெண் குழந்தைகள். மூத்தவள் கல்லூரியில் சேர்ந்திருந்தாள். இளையவள் எட்டாம் வகுப்பு. "ஓட்டல் சாப்பாடு பிள்ளைகள் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. சொந்தக்காரர் வீட்டில் எத்தனை நாள் சாப்பிடுவது? படிக்கிற பிள்ளைகளை அடுப்படியில் தள்ள எனக்கு மனசு வரவில்லை" என்றார். காலை ஐந்து மணிக்கு எழுந்து, சமைத்து, மூன்று டப்பாவில் கட்டிவிட்டு, 9-30 மணிக்குக் கடைக்கு வந்துவிடுவார்.

அவர் சமையல் கற்றுக்கொண்ட பள்ளிக்கூடம் எங்கள் கடைச் சுவர்!

சத்தம் இல்லாமல் எப்படிக் குறிப்பு எழுதுவது என்று கேட்டேன்.

"கையைப் பார், தம்பி" என்றார். "வாய் பேசுவதைக் கேட்டால் கை செய்வதை விட்டுவிடுவோம். எண்ணெய் காய்ந்ததும் அந்த அம்மா ஒரு கடுகைப் போட்டுப் பார்க்கிறாள், கவனித்தாயா? அதை வாயால் சொல்லமாட்டாள். கை மட்டும் செய்யும்."

நானும் கவனிக்க ஆரம்பித்தேன். வெங்காயம் கண்ணாடிபோல் ஆனதும் தக்காளி விழுகிறது. தக்காளி குழைந்து ஓரத்தில் எண்ணெய் பிரிந்ததும் மிளகாய்த்தூள் விழுகிறது. ரசத்தில் நுரை கட்டி மேலே எழும்பியதும் அடுப்பு அணைகிறது; ஒரு கொதிகூட விடுவதில்லை. எத்தனை நிமிஷம் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. எப்போது நிறுத்தவேண்டும் என்பது மட்டும் கண்ணில் பதிந்துவிட்டது.

நடைபாதையில் நிற்கும் பெண்களும் எங்களுக்கு வாத்தியார்கள்தான். பூ விற்கும் அக்கா ஒருவர் கூடையை இறக்கி வைத்துவிட்டுப் பார்ப்பார். "அது சோம்பு இல்லை, சீரகம்" என்பார். "இவ என்ன, கத்தரிக்காயைத் தண்ணியில போடாம நறுக்குறா? கறுத்துப் போகுமே!" என்று டி.வி.யைப் பார்த்தே திட்டுவார். அண்ணாச்சி அதையும் எழுதிக்கொள்வார்.

இரண்டு தரம் வெடித்த கடுகு

அப்போது ஒரு வேடிக்கை நடக்கும். கீழ் வரிசைப் பெட்டிகளுக்குக் கேபிள் கம்பி. மேல் வரிசையில் சில பெட்டிகளுக்கு மொட்டைமாடிக் குடையிலிருந்து வரும் டி.டி.எச். அது செயற்கைக்கோள் வழியாக வந்து, ஒரு சிறு பெட்டிக்குள் புகுந்து, அங்கே எண்களாக இருப்பதைப் படமாக மாற்றிக்கொண்டு வரவேண்டும். அதனால் கேபிளைவிட இரண்டொரு விநாடி பிந்திவிடும்.

ஆகவே கீழே கடுகு வெடித்து முடிந்தபிறகு, மேலே கடுகு வெடிக்கும்!

கீழே பார்த்துத் தவறவிட்டால் மேலே பார்த்துக்கொள்ளலாம். "முதல் பந்தி, இரண்டாம் பந்தி" என்பார் அண்ணாச்சி.

இன்னொரு தொல்லை கரண்ட். தமிழ்நாட்டில் மின்வெட்டு வாட்டிய வருஷங்கள் அவை. மதுரையில் நாள்தோறும் கரண்ட் போகும். மசாலாவை அரைத்து, வதக்கி, ஊற்றப் போகிற சமயத்தில் 24 பெட்டியும் பொக்கென்று அணைந்துவிடும். கடையில் ஜெனரேட்டர் உண்டு. ஆனால் வாடிக்கையாளர் இருந்தால்தான் போடவேண்டும். "டீசல் என்ன விலை தெரியுமா?" என்பார் முதலாளி. பூக்கார அக்கா கூடையைத் தூக்கிக்கொண்டு, முணுமுணுத்தபடி போவார்.

வீட்டுக்கு வந்த சோதனை

2010-ம் ஆண்டு என் அம்மாவுக்கு உடம்பு சரியில்லாமல் போயிற்று. வயிற்றில் ஆபரேஷன் செய்யவேண்டும் என்று டாக்டர் சொன்னார். எட்டு நாள் ஆஸ்பத்திரி. அதற்குப் பிறகும் ஆறு வாரம் பாரம் எதையும் தூக்கக்கூடாது.

வீட்டில் அப்பாவும் நானும்தான். அப்பா பஸ் கண்டக்டர். ஆயிரம் பேருக்கு டிக்கெட் கிழிப்பார். ஒரு டம்ளர் வெந்நீர் வைக்கத் தெரியாது. எனக்கும் அதே கதைதான். அதுவரை எங்கள் வீட்டு அடுப்பை நான் பற்ற வைத்ததே இல்லை.

முதல் நாள் துணிந்து ரசம் வைத்தேன். டி.வி.யில் எத்தனை தடவை பார்த்திருக்கிறேன்! புளி கரைத்தேன். தக்காளியைப் பிசைந்தேன். மிளகும் சீரகமும் பூண்டும் தட்டிப் போட்டேன். கடைசியில் ஒரு துண்டு வெல்லம் போட்டதாக ஞாபகம். அதையும் போட்டேன். நுரை கட்டியதும் இறக்கினேன்.

அப்பா ஒரு வாய் சாப்பிட்டார். என்னைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. சோற்றை ஓரமாக ஒதுக்கிவிட்டு, மோரை ஊற்றிக்கொண்டார்.

நான் சாப்பிட்டுப் பார்த்தேன். ரசமா அது? பானகம்!

மறுநாள் அண்ணாச்சியிடம் சொன்னேன்.

"வெல்லம் எவ்வளவு போட்டாய்?"

"எலுமிச்சம்பழம் அளவு."

"எந்தப் பெட்டியில் பார்த்தாய்?"

கடையின் நடுவில் இருந்த 42 அங்குலப் பெட்டியைக் காட்டினேன். அண்ணாச்சி வாய்விட்டுச் சிரித்தார்.

"தம்பி, அதில் கடுகுகூட மிளகு அளவு தெரியுமே! அது புளியங்கொட்டை அளவு வெல்லம். பெட்டி எத்தனை அங்குலமாக இருந்தால் என்ன? சமைக்கிறவர்களின் கட்டைவிரலைப் பார். அதோடு சேர்த்து அளந்துகொள். விரல் பொய் சொல்லாது."

அன்று மத்தியானம் அவர் ஒரு காரியம் செய்தார். முதலாளியின் உத்தரவை மீறி, ஓரத்துப் பெட்டியில் சத்தத்தைக் கூட்டிவைத்தார். "இந்தப் பையன் வீட்டில் அம்மா படுத்திருக்கிறாள். இரண்டு நாள் காதாலும் கேட்கட்டும்" என்றார் கல்லாவைப் பார்த்து.

முதலாளி பேசாமல் கணக்கு நோட்டைப் புரட்டினார். நான் பயந்துகொண்டே நின்றேன். அந்தச் சத்தத்தைக் கேட்டு ஒரு தம்பதி உள்ளே வந்தார்கள். 21 அங்குலப் பெட்டி ஒன்றை வாங்கிக்கொண்டு போனார்கள். அப்போது ஊரெல்லாம், 2006-ல் தொடங்கிய அரசுத் திட்டத்தில் 14 அங்குல இலவசக் கலர் டி.வி. வந்துகொண்டிருந்தது. கடையில் சின்னப் பெட்டி நகரவே இல்லை. 21 அங்குலம் விற்றால் திருநாள்தான்!

"அந்த ஒரு பெட்டியில் மட்டும் சத்தம் இருக்கட்டும்" என்றார் முதலாளி. அதற்குப் பிறகு அந்த உத்தரவு மாறவில்லை.

ஐந்தாம் நாள் தூக்குவாளியில் ரசமும் குழைந்த சோறும் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். அம்மா இரண்டு வாய் சாப்பிட்டார்.

"யார் வீட்டு ரசம் இது?" என்று கேட்டார்.

"நம்ம வீட்டு ரசம்."

"யார் வந்து வைத்தது? சித்தியா?"

நான்தான் என்று சொன்னேன். அம்மா நம்பவில்லை. அப்பாவைத் திரும்பிப் பார்த்தார். அப்பா தலையை ஆட்டினார். அம்மா மறுபடியும் சாப்பிட ஆரம்பித்தார்.

"உப்பு கொஞ்சம் தூக்கல்" என்றார்.

அதைக் கேட்டபிறகுதான், அம்மா பிழைத்துக்கொண்டார் என்ற தைரியம் எனக்கு வந்தது.

முதலில் சமைத்தவர் யார்?

பின்னாளில் பத்திரிகை வேலைக்கு வந்தபிறகு, டி.வி.யில் முதலில் சமைத்துக் காட்டியவர் யார் என்று தேடிப் பார்த்தேன். கதை சுவையாகத்தான் இருக்கிறது.

லண்டனில் ஓட்டல் நடத்திய பூலெஸ்டின் என்ற பிரெஞ்சுக்காரர் 1937 ஜனவரியில் பி.பி.சி. டெலிவிஷனில் சமைத்தார். அப்போது டெலிவிஷனே கைக்குழந்தை. யுத்தம் வந்ததும் டெலிவிஷனை நிறுத்திவிட்டார்கள். 1946-ல் மறுபடி தொடங்கியபோது பிலிப் ஹார்பன் என்ற தாடிக்காரர் வந்தார். பிரிட்டனில் அப்போது ரேஷன். இறைச்சிக்கும் வெண்ணெய்க்கும் சீட்டு. 1954 வரையில் அது நீடித்தது. வயிறாரச் சாப்பிட வழியில்லாத ஜனங்கள், கறுப்பு வெள்ளைத் திரையில் ஒருவர் சமைப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்! அதே 1946-ல் அமெரிக்காவில் ஜேம்ஸ் பியர்டு தொடங்கினார்.

ஆனால் எல்லோரையும் தூக்கி அடித்தவர் ஜூலியா சைல்டு என்ற அமெரிக்க அம்மையார். ஆறடிக்கு மேல் உயரம். யுத்த காலத்தில் அமெரிக்க உளவுத்துறை அலுவலகத்தில் வேலை பார்த்து, இலங்கையிலுள்ள கண்டிக்கு வந்து தங்கியவர். கணவராக வந்தவரைச் சந்தித்ததும் அங்கேதான். நல்ல சமையல் கற்றுக்கொண்டது அதற்குப் பிறகு, பாரீஸ் நகரில். 1963 பிப்ரவரியில் பாஸ்டன் நகர டி.வி.யில் அவருடைய நிகழ்ச்சி ஆரம்பமாயிற்று.

ஒருநாள் உருளைக்கிழங்கு அடையைத் தூக்கிப் போட்டுத் திருப்பினார். பாதி அடை வாணலிக்கு வெளியே விழுந்துவிட்டது! அவர் பதறவில்லை. கையால் அள்ளி வாணலியில் போட்டு ஒட்டினார். அடுக்களையில் தனியாகத்தானே இருக்கிறோம், யார் பார்க்கப்போகிறார்கள் என்ற பொருளில் ஏதோ சொன்னார். இதை ஜனங்கள் கோழியாக மாற்றி, தரையில் விழுந்ததாக ஆக்கி, இன்றைக்கும் கதை சொல்கிறார்கள். விழுந்தது அடைதான், தரையிலும் இல்லை. 2004-ல் அவர் காலமானார். அவருடைய சமையலறையை அப்படியே பெயர்த்து வாஷிங்டன் அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள்.

நம் நாட்டில் டெல்லியில் 1959-லும், சென்னையில் 1975 ஆகஸ்டு 15-ந் தேதியும் டெலிவிஷன் தொடங்கியது. கலர் வந்தது 1982-ல். கலர் இல்லாமல் சாம்பாரையும் மோர்க்குழம்பையும் எப்படி அடையாளம் கண்டிருப்பார்களோ! 1993-ல் இந்திச் சேனல் ஒன்றில் சஞ்சீவ் கபூர் சமைக்கத் தொடங்கினார். அதே வருஷம் தமிழில் சன் டி.வி. வந்தது. பிறகு மல்லிகா பத்ரிநாத், கண்ணதாசன் மகள் ரேவதி சண்முகம், தாமு என்று பலர் தமிழ் வீடுகளுக்குள் கரண்டியோடு நுழைந்தார்கள்.

2010 டிசம்பரில் ஒரு செய்தி வந்தது. தாமு 24 மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து சமைத்து, கின்னஸ் சாதனை செய்திருந்தார். அண்ணாச்சி அதைப் பத்திரிகையில் சத்தமாக வாசித்தார். பிறகு தன் காலைப் பார்த்துக்கொண்டார்.

"நாமும் தினம் பதினொரு மணி நேரம் நிற்கிறோம். நமக்கு ஒருத்தன் சர்டிபிகேட் தரமாட்டேன் என்கிறான்!" என்றார்.

பெண் பார்க்க வந்தவர்கள்

நான் 2011-ல் கடையை விட்டு வந்துவிட்டேன். அண்ணாச்சியோடு பழக்கம் விட்டுப்போகவில்லை.

அவருடைய மூத்த மகளைப் பெண் பார்க்க ஒரு வீட்டார் வந்தார்கள். சொஜ்ஜி, பஜ்ஜி எல்லாம் அண்ணாச்சி கைவேலை. சாப்பிட்டுவிட்டு மாப்பிள்ளையின் தாயார், "பெண் நன்றாகச் சமைத்திருக்கிறாள்" என்றார்.

"அவள் சமைக்கவில்லை. நான்தான் சமைத்தேன். அவளுக்கு அவ்வளவாகத் தெரியாது" என்றார் அண்ணாச்சி.

அந்த வீட்டிலிருந்து பதில் வரவே இல்லை.

சொந்தக்காரர்கள் அண்ணாச்சியைத் திட்டித் தீர்த்தார்கள். "வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தால் என்ன?" என்றார்கள். மகளும் இரண்டு நாள் அவரோடு பேசவில்லையாம். எனக்கே கொஞ்சம் வருத்தம்தான். ஒரு பஜ்ஜிக்காக ஒரு கல்யாணம் தள்ளிப்போவதா?

அடுத்த வருஷம் வேறொரு வீட்டார் வந்தார்கள். அண்ணாச்சி மறுபடியும் அதையேதான் சொன்னார்! அந்தத் தாயார் சிரித்துவிட்டார். "என் பையனுக்கு முட்டை பொரிக்கத் தெரியும். பிழைத்துக்கொள்வார்கள்" என்றார். கல்யாணம் முடிந்தது. முகூர்த்தச் சாப்பாட்டில் ரசத்தை மட்டும் அண்ணாச்சி பக்கத்தில் நின்று பார்த்து இறக்கச் சொன்னார், தவசிப்பிள்ளைக்குக் கோபம்!

இப்போது அந்த டி.வி. கடை இல்லை. அங்கே செல்போன் விற்கிறார்கள். சமையலும் செல்போனுக்குள் போய்விட்டது. புதுக்கோட்டைப் பக்கத்துக் கிராமத்து மனிதர்கள் வயல்வெளியில் பெரிய அண்டாவில் சமைப்பதை உலகமே யூடியூபில் பார்க்கிறது. 2021-ல் அதற்கு ஒரு கோடி சந்தாதாரர்கள் சேர்ந்தார்கள். நான் அதையும் பார்க்கிறேன். சத்தத்தைக் குறைத்து வைத்துத்தான் பார்க்கிறேன். வீட்டில் சிரிக்கிறார்கள்.

சென்ற பொங்கலுக்கு அண்ணாச்சியின் மூத்த மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். அவள் அடுக்களையிலிருந்து ஒரு கட்டை எடுத்துவந்து காட்டினாள். பழைய பில் தாள்கள். ஓரத்தில் துளை போட்டுச் சணல் கயிற்றால் கட்டியிருந்தது. கல்யாணச் சீரோடு சீராக அண்ணாச்சி கொடுத்தாராம். ஒரு பக்கம், 21 அங்குலப் பெட்டி ஒன்று, ஸ்டெபிலைசர் ஒன்று என்று கணக்கு. மறுபக்கம் வத்தக்குழம்பு, பருப்புருண்டைக் குழம்பு, சொதி. எண்ணெய்க் கறை படியாத தாள் ஒன்றுகூட இல்லை.

எண்ணெய்க் கத்தரிக்காய் எழுதிய தாளை நான் புரட்டினேன். கத்தரிக்காயை நாலாய்க் கீறுவது, மசாலாவை அடைப்பது, நல்லெண்ணெய் ஊற்றுவது எல்லாம் வரிசையாக இருந்தது. கடைசி வரி இப்படி இருந்தது:

"மூடி வைத்து, கரண்ட் போய்விட்டது."

அதற்குக் கீழே, வேறு மையில், மகளுடைய கையெழுத்து:

"பத்து நிமிஷம், அப்பா. நடுவில் ஒரு தரம் திருப்பிவிட வேண்டும்."